ஓய்வு வயது வருகிறது, நோய்ச் செலவை யார் ஏற்பது?



ஒருவருக்கு 57, 58 வயது ஆகிவிட்டால் தோட்டத்தில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "ஈ.பீ.எப். காசு எவ்வளவு வரும்? சேவைக்காலப் பணம் எப்போ கிடைக்கும்?" அந்தக் காசு வருவதற்கு முன்பே அதற்கு வேலையும் தயாராகிவிடும். மகள் கல்யாணம், காம்பராவுக்குக் கூரைத் தகரம், அடகு வைத்த நகை, மகன் கொழும்புக்குப் போக முன்பணம் என்று கணக்குப் போடுவோம். அந்தக் கணக்கில் ஒன்று மட்டும் எப்போதும் விடுபட்டுவிடுகிறது. 60 வயதுக்குப் பிறகு வரும் நோய்க்கு யார் செலவழிப்பது?

இந்தக் கேள்வியைச் சங்கத்துக்குள்ளும் வெளியிலும் உரக்கக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

ஒரே லயத்தில் வாழும் மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பாடசாலைக்குப் போகும் பிள்ளை. அரசாங்கம் 2017இல் மாணவர்களுக்காக 'சுரக்ஷா' என்ற காப்புறுதியைத் தொடங்கியது. அதில் பிள்ளையின் பெற்றோர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. இரண்டாமவர் அந்தப் பிள்ளைக்குப் படிப்பிக்கும் ஆசிரியர். எங்களைப் போன்ற அரசாங்க ஊழியர்களின் சம்பளத்தில் மாதந்தோறும் ஒரு சிறிய தொகையைக் கழித்து 'அக்ரஹார' மருத்துவக் காப்புறுதியில் சேர்க்கிறார்கள். அதை நடத்துவது 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம். ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர்களுக்கும் அந்தக் காப்புறுதி நீடிக்கப்பட்டுள்ளது. மூன்றாமவர் அந்தப் பிள்ளையின் பாட்டி. முப்பது வருடம் கூடை சுமந்து, மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து எடுத்தவர். அவருடைய பெயரில் அரசாங்க மருத்துவக் காப்புறுதி எதுவும் கிடையாது.

பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் கிடைத்ததைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அது சரியான வேலை. அதே அரசாங்கம், அதே நாடு, அதே லயம். அப்படியிருக்க மூன்றாமவரை விட்டது ஏன் என்றுதான் கேட்கிறோம். தேயிலை விற்று நாட்டுக்கு டொலர் கொண்டுவந்தவர் அவர்தானே?

"இலவச ஆஸ்பத்திரி இருக்கே" என்பவர்களுக்கு

இந்தப் பேச்சை எடுத்தால் உடனே வரும் பதில் ஒன்று உண்டு. "இலங்கையில் வைத்தியம் இலவசம். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் காசு கேட்பதில்லை. பிறகு எதற்குக் காப்புறுதி?"

அரசாங்க வைத்தியசாலை இலவசம் என்பது உண்மை. அது நம் எல்லோருடைய பெரிய சொத்து. அதைக் காப்பாற்றும் போராட்டத்தில் நாமும் இருக்க வேண்டும். ஆனால் மலையில் இருப்பவருக்கு அந்த இலவசத்தின் வாசல் வரைக்கும் போகவே காசு வேண்டும். தோட்டத்தில் இருந்து டவுனுக்குப் போக ஓட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ பதுளைக்கோ அனுப்பினால் பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு. துணைக்குப் போகும் மகளுக்கு அன்றைய பேர் விழாது. அந்த நாள் சம்பளம் போய்விடும். ஸ்கேன் எடுக்க நீண்ட திகதி கொடுத்தால், வலி பொறுக்காமல் வெளியில் எடுப்போம். ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்துக்குத் துண்டு எழுதிக் கொடுத்தால் பார்மசியில் வாங்குவோம். 2022இல் நாடு வங்குரோத்தானபோது மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

வேலையில் இருக்கும்வரை இந்தச் செலவைச் சம்பளத்தில் இருந்தோ, கடையில் கடன் வைத்தோ சமாளித்துவிடுகிறோம். பேர் நின்ற பிறகு கடைக்காரரும் கொப்பியை மூடிவிடுவார். நோய் வருவதும் அப்போதுதான். முழங்கால், இடுப்பு, பிரஷர், சீனி வருத்தம், கண்ணில் பூ விழுவது எல்லாம் ஒருவர் பின் ஒருவராக வந்து நிற்கும் வயது அது. சம்பளம் நிற்கும் நாளும் நோய் தொடங்கும் நாளும் ஏறக்குறைய ஒன்றாக வருவதால்தான் ஓய்வுக்கு முன்பே இதைப் பேசச் சொல்கிறோம்.

"அப்படியானால் தனியார் கம்பனியில் காப்புறுதி எடுக்கலாமே" என்பார்கள் சிலர். தனியார் காப்புறுதி வியாபாரம். வயது ஏற ஏறத் தவணைப் பணம் ஏறும். ஏற்கனவே உள்ள நோய்க்குப் பணம் கிடையாது என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். 59 வயதில் பிரஷரும் சீனியும் உள்ள ஒரு கொழுந்துத் தொழிலாளிக்கு அந்தக் கதவு திறக்காது, திறந்தாலும் கட்டுப்படியாகாது. கூட்டாகச் சேர்ந்து, இளையவரும் முதியவரும் ஒரே நிதியில் கட்டும்போதுதான் முதியவருக்குக் காப்புறுதி கிடைக்கும். அதை அரசாங்கத்தால்தான் செய்ய முடியும்.

இன்று கையில் இருப்பவை என்ன?

கோரிக்கை வைப்பது ஒரு பக்கம். அது வெல்லும்வரை இருப்பதை விட்டுவிடக் கூடாது. நம் தொழிலாளர்களில் பலர் தங்களுக்கு உரிய உதவிகளைப் பெறாமலே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். ஆகவே இவற்றைக் கவனமாக வாசியுங்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முதலாவது, ஈ.டீ.எப். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி தோட்ட நிர்வாகம் உங்கள் சம்பளத்தில் 3 சதவீதத்துக்குச் சமமான தொகையைத் தன் கையில் இருந்து கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. இதை வேலையை விட்டுப் போகும்போது எடுக்கும் காசு என்று மட்டுமே நம்மில் அநேகர் நினைக்கிறோம். அது மட்டும் அல்ல. இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்ணுக்கு வில்லை பொருத்துதல், நிரந்தரமாக இயலாமல் போதல் போன்றவற்றுக்கும் ஈ.டீ.எப். சபை உறுப்பினருக்கு உதவி தருகிறது. ஆனால் இந்த உதவிகள் பங்களிப்புச் செலுத்தப்பட்டு வரும் உறுப்பினருக்கு உரியவை. பேர் நின்று, கணக்கை மூடிக் காசை எடுத்த பிறகு போய்க் கேட்டால் பயன் இல்லை.

இதன் பொருள் என்ன? கண்ணில் பூ விழுந்திருக்கிறது, வில்லை வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தால், "ரிட்டயர் ஆனதும் சும்மாதானே இருப்போம், அப்போ செய்யலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். வேலையில் இருக்கும்போதே செய்யுங்கள். சிகிச்சைக்கு முன்பே தொழிற்சங்கக் காரியாலயத்தில் விசாரித்து, என்னென்ன பற்றுச்சீட்டு, என்னென்ன டாக்டர் கடிதம் வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

இரண்டாவது, ஈ.பீ.எப். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளியிடம் குறைந்தது 8 சதவீதமும் நிர்வாகத்திடம் குறைந்தது 12 சதவீதமும் சேர வேண்டும். பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் இந்தப் பணத்துக்கு விண்ணப்பிக்கும் உரிமை வருகிறது. உரிமை வந்த நாளிலேயே முழுவதையும் எடுத்துச் செலவழிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நிதியில் இருக்கும்வரை அதற்கு வட்டி சேரும். அதற்கு முன்பே வீட்டுக்கோ கடுமையான நோய்க்கோ ஒரு பகுதியை எடுக்கும் வழியும் இருக்கிறது. பத்து வருடப் பங்களிப்பு உள்ளவர்கள் 30 சதவீதம் வரை கேட்கலாம். அதற்கான நிபந்தனைகளைத் தொழில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் உரியது. கடைசியாகப் பெற்ற சம்பளத்தில்தான் கணக்குப் பார்ப்பார்கள். 1,350 ரூபா நாட்சம்பளம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வருடத்துக்கு 18,900 ரூபா. முப்பது வருடத்துக்கு 5,67,000 ரூபா. வேலை முடிந்து 30 நாட்களுக்குள் இதைக் கொடுக்க வேண்டும். பிந்தினால் நிர்வாகம் மேலதிகக் கட்டணமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தோட்டங்களில் இந்தப் பணத்துக்காக மாதக்கணக்கில், வருடக்கணக்கில் காரியாலய வாசலில் நிற்பவர்களை நாம் பார்க்கிறோம். அப்படி இழுத்தடித்தால் தலைவரிடம் சொல்வதோடு நிற்காதீர்கள். தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள்.

நான்காவது, ஓய்வு வயது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. "உனக்கு 55 ஆயிடுச்சு, பேரை வெட்டுறோம்" என்று எந்தத் துரையும் சொல்ல முடியாது. ஆனால் நடப்பது என்ன? வயதானவர்களை மெதுவாகக் கைக்காசுக்குத் தள்ளுகிறார்கள். "இனி நீங்க பெரட்டுக்கு வரவேண்டாம், எடுக்கிற கிலோவுக்குக் காசு வாங்கிக்கோங்க" என்று நல்லவிதமாகப் பேசுவார்கள். காசு கையில் உடனே வருவதால் நம்மவர்களும் சம்மதித்துவிடுகிறார்கள். அந்த நாளில் இருந்து செக்ரோலில் பெயர் இல்லை. ஈ.பீ.எப்., ஈ.டீ.எப். கட்டுவது நின்றுவிடுகிறது. அதோடு ஈ.டீ.எப். மருத்துவ உதவியும் போய்விடுகிறது. சட்டத்தில் கைக்காசுத் தொழிலாளிக்கும் ஈ.பீ.எப். உண்டு என்பதை நிர்வாகம் வாய்திறந்து சொல்லாது. 55க்கும் 60க்கும் இடைப்பட்ட இந்த ஐந்து வருடம்தான் உங்கள் உடம்புக்கு மிக முக்கியமான வருடங்கள். அதைக் கிலோக்கணக்குக்கு விற்றுவிடாதீர்கள்.

ஐந்தாவது, அரசாங்கத்தின் மற்ற உதவிகள். பெரிய சத்திரசிகிச்சைக்கு ஜனாதிபதி நிதியத்திடம் உதவி கேட்கலாம். முன்பு அதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். சிகிச்சைக்கு முன்பே விண்ணப்பிப்பதுதான் நல்லது. சிறுநீரக நோயாளருக்கும் 70 வயதைத் தாண்டிய வருமானம் குறைந்த முதியோருக்கும் மாதாந்தக் கொடுப்பனவு உண்டு. சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தில் 59 வயது வரைதான் சேரலாம். அது மருத்துவக் காப்புறுதி அல்ல, ஆனால் மருந்துக்கு மாதாமாதம் கொஞ்சம் காசு வர ஒரு வழி. இளம் தொழிலாளர்கள் இப்போதே சேர்ந்தால் கட்டும் தொகை குறைவு.

இதை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். வேலை 60இல் முடிகிறது. முதியோர் கொடுப்பனவு 70இல் தொடங்குகிறது. நடுவில் பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் மலையில் இருந்து இறங்கியவர் மகன் கையையோ மருமகள் முகத்தையோ பார்த்துத்தான் மருந்து வாங்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் நல்லவர்களாக இருந்தாலும், தம் பிள்ளைகளின் படிப்பையும் பார்த்துக்கொண்டு அவர்களால் எவ்வளவுதான் செய்ய முடியும்?

பெயரும் திகதியும் சரியாக இருக்கட்டும்

எல்லா உதவிக்கும் முதல் படி கடதாசிதான். பாடசாலையில் வேலை செய்யும் எங்களிடம் மாலை நேரத்தில் அதிகம் வருவது இந்தப் பிரச்சினைதான். பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதிய மூன்றாவது பெயர். தகப்பன் பெயர் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். பிறந்த வருடம் இரண்டு விதம். வேலையில் இருக்கும் முப்பது வருடமும் அது யாருக்கும் உறுத்துவதில்லை. காசு கேட்டுப் போகும் நாளில்தான் அது மலையாக வந்து நிற்கும். திருத்த மாதங்கள் ஆகும். நோயாளி அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது.

ஆகவே 55 வயதைத் தொடும் ஒவ்வொருவரும் ஒரு பைலை எடுத்து இவற்றைச் சேர்த்து வையுங்கள். பிறப்புச் சாட்சிப்பத்திரம், அது இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ். அடையாள அட்டையின் பிரதி. கல்யாணப் பதிவுச் சாட்சிப்பத்திரம். ஈ.பீ.எப். இலக்கம், தோட்டக் காரியாலயத்துக்கு வரும் கணக்குக் கூற்று. வேறு தோட்டத்தில் வேலை செய்திருந்தால் அங்கிருந்த இலக்கம். வங்கிப் புத்தகம். கிளினிக் கொப்பி, பழைய ரிப்போர்ட்கள். பெயரில் வேறுபாடு இருந்தால் இப்போதே கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் திருத்தும் வேலையைத் தொடங்குங்கள். சிங்களத்தில் மட்டும் படிவம் கொடுத்தால் தமிழில் கேளுங்கள். அது சலுகை இல்லை, உரிமை. நிரப்பத் தெரியாவிட்டால் தோட்டப் பாடசாலைக்கு வாருங்கள், நிரப்பித் தருகிறோம்.

இன்னொன்று. 35 வயதைத் தாண்டியவர்களுக்குப் பிரஷர், சீனி, கொழுப்பு பார்க்க அரசாங்க வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் இருக்கின்றன. அங்கே பரிசோதனை இலவசம். நோயை 40இல் கண்டுபிடித்தால் மாத்திரையோடு போகும். 60இல் கண்டுபிடித்தால் டயாலிசிஸ் வரை போகலாம். தாய்மார்கள் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே காலத்தைக் கடத்துகிறார்கள். அவர்களை அழைத்துப் போவது பிள்ளைகளின் பொறுப்பு.

நாம் கேட்பது என்ன?

சம்பளப் போராட்டம் பெரிது, அதில் நாம் பின்வாங்கப் போவதில்லை. ஆனால் கூட்டிக் கிடைத்த சம்பளத்தை ஒரே ஒரு சத்திரசிகிச்சை விழுங்கிவிடும் என்றால் நாம் எதை வென்றோம்? ஆகவே சங்கத்தின் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இந்த நான்கையும் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறோம்.

ஒன்று, பெருந்தோட்டத் தொழிலாளருக்கு 'அக்ரஹார' போன்ற ஓர் அரசாங்க மருத்துவக் காப்புறுதி. தொழிலாளி ஒரு சிறு தொகை, கம்பனி ஒரு பங்கு, அரசாங்கம் ஒரு பங்கு என்று கட்டலாம். வேலையில் இருக்கும்போதே எல்லோரும் தானாகச் சேர்க்கப்பட வேண்டும். ஓய்வுக்குப் பிறகும் அது தொடர வேண்டும்.

இரண்டு, நீண்ட காலம் பங்களிப்புச் செலுத்தப்பட்ட உறுப்பினருக்கு, ஓய்வுபெற்ற பிறகும் ஈ.டீ.எப். மருத்துவ உதவிகள் கிடைக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும். அந்த நிதியில் அவருடைய உழைப்பு இருக்கிறது.

மூன்று, தோட்ட டிஸ்பென்சரியில் ஓய்வுபெற்றவருக்கும் வேலையில் இருப்பவரைப் போலவே மருந்தும் அவசரத்துக்கு வாகனமும் கிடைக்க வேண்டும். "பேர் இல்லாத ஆளுக்கு லொறி இல்லை" என்ற பேச்சு இனி எந்தத் தோட்டத்திலும் கேட்கக் கூடாது.

நான்கு, கைக்காசுத் தொழிலாளிக்கும் ஈ.பீ.எப்., ஈ.டீ.எப். கட்டப்படுகிறதா என்று தொழில் திணைக்களம் தோட்டந்தோட்டமாகப் பரிசோதிக்க வேண்டும்.

"தொழிலாளி இன்னொரு கழிவுக்குச் சம்மதிப்பானா?" என்று சங்கத்துக்குள்ளேயே கேட்பார்கள். நியாயமான கேள்வி. சம்பளத்துண்டில் ஏற்கனவே கழிவுகள் நிறைந்திருக்கின்றன. ஆனால் நம்மவர்கள் சீட்டுக் கட்டுகிறார்கள், மரண உதவிச் சங்கத்துக்கு மாதம் தவறாமல் கட்டுகிறார்கள். செத்த பிறகு பெட்டி வாங்கக் கட்டுகிறவர்கள், உயிரோடு இருக்கும்போது மருந்து வாங்கக் கட்ட மாட்டார்களா? எதற்குக் கட்டுகிறோம், திரும்ப எப்படிக் கிடைக்கும் என்று தெளிவாகச் சொன்னால் கட்டுவார்கள். சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் ஒரு வேலை. அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னர் உங்கள் டிவிஷனில் 55 வயதைத் தாண்டிய எல்லோருடைய பெயரையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அவர்களில் யார் கைக்காசில் இருக்கிறார்கள், யாருக்குப் பெயர் வேறுபாடு இருக்கிறது, யார் சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கிறார்கள் என்று பக்கத்திலேயே குறியுங்கள். அந்தக் கொப்பியோடு கூட்டத்துக்கு வாருங்கள். துரையிடமும் தொழில் அலுவலகத்திலும் மந்திரியிடமும் பேசும்போது, "எங்கள் மக்கள் கஷ்டப்படுகிறார்கள்" என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். இத்தனை பேர், இன்ன பெயர், இன்ன நோய் என்று கொப்பியைத் திறந்து வைத்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.